நாக்குக் கட்டும் ஒப்பியா

சுபூராவில் மூன்று தெருக்கள் கூடும் எங்கள் சந்தியில் கொண்டைக்கடலை அவித்து விற்ற ஒப்பியாவுக்கு வாய் ஓயவே ஓயாது. காலையில் அடுப்பு மூட்டும்போது தொடங்குகிற பேச்சு, மாலையில் பானையைக் கழுவிக் கவிழ்க்கிற வரை நிற்காது. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த மாடியில் ஓட்டை விழுந்திருக்கிறது, எந்த ஊரில் கன்றுக்குட்டி பேசியது என்று எல்லாம் அவளிடம் கிடைக்கும். பாதி உண்மை, மீதி அவள் கைப்பக்குவம். கடலையைவிடக் கதைக்காகவே வந்து நின்றவர்கள் அதிகம். அவளுக்கும் அது தெரியும்.

இப்படிப்பட்டவள்தான் வருஷத்தில் ஒரு நாள் ஊரார் நாக்கைக் கட்டுகிறவளாக இருந்தாள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

பிப்ரவரியில் செத்தவர்களுக்கான ஒன்பது நாளில் கோயில் கதவுகள் சாத்தியிருக்கும், கல்யாணம் காட்சி கிடையாது. அவரவர் ஊருக்கு வெளியே தங்கள் கல்லறைகளுக்குப் போய் மதுவில் நனைத்த ரொட்டியும் உப்பும் ஊதாப்பூவும் வைத்துவிட்டு வருவார்கள். அந்த ஒன்பதில் கடைசி நாள் டாசிட்டாவின் நாள். செத்தவர்களோடு கீழே இருப்பவள், பேசாதவள். உன்னைப்பற்றி ஊரில் எவளாவது தாறுமாறாகப் பேசுகிறாளா? அன்றைக்கு ஒரு மீன் தலையின் வாயைத் தைத்து அவள் நாக்கைக் கட்டிவிடலாம்.

முன்பு இதைச் செய்துவந்தவள் ஒரு ஜனவரியில் திடீரென்று இறந்துபோனாள். அடுத்த மாதம் பெண்கள் மீன் தலையும் கையுமாக வந்து நின்றார்கள்; செய்ய ஆளில்லை. ஒப்பியா வருஷம் தவறாமல் போய் வேடிக்கை பார்த்து, பார்த்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். முறை முழுக்கத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். "சொல்லத் தெரியுதில்ல, செய்யேன்" என்று பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அந்த முதல் தடவை அவள் கட்டியது ஒரு வண்ணாத்தியின் நாக்கு. அந்த வண்ணாத்திக்கு மார்ச் மாதம் முழுக்கத் தொண்டைப்புண். அவ்வளவுதான், ஒப்பியாவின் பெயர் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வரைக்கும் போய்விட்டது. கூலி என்று ஒன்றும் கேட்கமாட்டாள். சடங்கில் மிஞ்சுகிற மது அவளுக்கு.

அவளுடைய தம்பி பன்சா பொல்லாதவன். "அக்கா, உன் வாயைக் கட்டணும்னா ஒரு மீன் தலை எப்படிப் பத்தும்? மீன் சந்தையையே வாங்கணும்" என்பான்.

சடங்கு முடிந்து மது உள்ளே போனதும் ஒப்பியா டாசிட்டாவின் கதையைச் சொல்லுவாள். வருஷா வருஷம் ஒரே கதைதான், ஆனாலும் உட்கார்ந்து கேட்போம். "தேவராஜா ஜூபிட்டருக்கு ஜுட்டுர்னாங்கிற நீர்ப்பொண்ணு மேல ஆசை. அந்தப் பொண்ணு பிடிகொடுக்காம தண்ணிக்குள்ளயும் புதருக்குள்ளயும் ஓடி ஒளியுது. இவர் மத்த நீர்ப்பொண்ணுங்களை எல்லாம் கூப்பிட்டு, அவ வந்தா பிடிச்சு வைங்கடின்னு சொல்றார். எல்லாரும் மண்டைய ஆட்டுறாளுக. நம்மாளு மட்டும் நேரா போய், ஏண்டி ஓடிருடி, உன்னைப் பிடிக்க வராருன்னு சொல்லிட்டா. அதோட விட்டாளா? அவர் பெண்டாட்டி ஜூனோகிட்டயும் போய்ச் சொல்லிட்டா. அப்புறம் என்ன, நாக்கைப் பிடுங்கிட்டார். வாய் நீளமா இருந்தா அதுதான் கதி." இதைச் சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

நான் சொல்ல வந்த வருஷம், சடங்கன்றைக்கு மத்தியானம் வந்த பெண்களெல்லாம் போன பிறகு, முனை ரொட்டிக்கடைக்காரரின் மனைவி ஃபாடியா வந்தாள். வசதியான பெண், கையில் நல்ல மது ஒரு ஜாடி, இலையில் சுற்றிய மீன் தலை. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒப்பியாக்கா, பெரிய காரியம். நீங்கதான் பண்ணித்தரணும்."

ஒப்பியா வாசற்படிக்கு அடியில் எலி போகிற வழியில் மூன்று விரலால் மூன்று மணி சாம்பிராணியை வைத்தாள். ஈயத்துண்டில் கறுப்பு நூலைச் சுற்றினாள். ஏழு கறுப்பு மொச்சையை வாயில் போட்டுக்கொண்டாள். அதைப் போட்டுவிட்டால் சடங்கு முடிகிற வரை பேசக்கூடாது. வந்தவள்தான் நெருப்பைப் பார்த்து, காரியத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒளித்தால் முடிச்சு நிற்காது என்பது முறை.

ஃபாடியா சொன்னாள். "பேசாத தாயே, எங்க ரொட்டி விக்கிற மிக்காவுக்காக வந்திருக்கேன். பதினேழு வருஷம் முன்னால, ஆறு பொங்கிப் பாலம் போச்சே, அந்த வருஷம், அவென்டின் மேட்டுல கொக்குப் படம் போட்ட வீட்டுக்காரன்கிட்ட அவளைக் கைக்குழந்தையா வாங்கினோம். மேல் மாடியில நூல் நூத்துப் பிழைச்ச ஒருத்தி பெத்துப்போட்டுட்டுச் செத்துட்டாளாம். அவ அடிமை இல்லையாம். வீட்டுக்காரன் அப்புறம்தான் சொன்னான். நாங்களும் வளர்த்துட்டோம், சோறு போட்டுட்டோம். இப்ப செருப்புத் தைக்கிற ஹிலாரஸ் அவளைக் கட்டிக்கணும்னு, அவ பிறந்ததுலேருந்தே அடிமை இல்லைன்னு வழக்குப் போட்டிருக்கான். இன்னும் மூணு நாள்ல விசாரணை. பிரசவத்தப்போ பக்கத்து அறைப் பொண்ணு ஒருத்தி கூட இருந்தாளாம். இருக்காளோ செத்தாளோ தெரியாது. இருந்தா அவ நாக்கைக் கட்டு தாயே. அவ யாரா இருந்தாலும், எங்க இருந்தாலும்."

ஒப்பியாவின் கையில் வெண்கல ஊசி இருந்தது. மீனின் கீழுதட்டில் குத்தியாகிவிட்டது, மேலுதட்டில் இன்னும் ஏறவில்லை. அந்தப் பக்கத்து அறைப் பெண் அவள்தான்.

அப்போது அவளுக்கு இருபது வயது, கயிறு திரிக்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்தக் கொக்கு வீட்டு மாடிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நூல்காரி பக்கத்து அறையில் தனியாக இருந்தாள், பெயர் ஸ்காந்தியா. லனூவியம் ஊர்ப்பெண், சுதந்திரமாகப் பிறந்தவள். பிள்ளைக்கு அப்பன் யார் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிரசவத்தில் ஒப்பியாதான் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். பெண் குழந்தை. எட்டாம் நாள் பெயர் வைக்கவேண்டும். ஏழாம் நாள் ஸ்காந்தியா ஜுரத்தில் போய்விட்டாள். ஒப்பியா ஆற்றில் துணி துவைத்துவிட்டு வருவதற்குள் குழந்தை இல்லை. "ஊர்லேருந்து பெரியம்மா வந்து தூக்கிட்டுப் போயிட்டா" என்றான் வீட்டுக்காரன். ஒப்பியா நம்பினாள். நம்பிக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

மிக்காவை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாலு வருஷமாகக் காலையில் கூடையோடு சந்திக்கு வருகிற பெண். ரொட்டித் துணுக்கு என்று அர்த்தம் அந்தப் பெயருக்கு, கடைக்காரர் வைத்தது. ஒப்பியா சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள்.

மொச்சையைத் துப்பினால் போதும், சடங்கு கெட்டுவிடும். ஒப்பியா துப்பவில்லை. பயமா, பழக்கமா, எதிரே ஃபாடியா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததா என்று அவளுக்குப் பின்னாலும் சொல்லத் தெரியவில்லை. ஊசி மேலுதட்டில் ஏறியது. மீன் வாயைத் தைத்து, கீல் பூசி, நெருப்பில் வாட்டி, மேலே மதுவைச் சொட்டினாள். பிறகு மொச்சையைக் கையில் உமிழ்ந்துவிட்டு, சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"பகை நாக்கைக் கட்டியாச்சு."

ஃபாடியா நிம்மதியாக எழுந்து போனாள். ஒப்பியா அன்றைக்கு ஜாடியில் மிஞ்சியதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் மிக்கா வந்தாள். ஒப்பியா கடலையைக் கிளறிக்கொண்டே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

"என்ன அத்தை, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் மிக்கா. பதில் இல்லாததைப் பார்த்துவிட்டு, கூடையை இறக்கி வைத்தாள். "நானே சொல்றேன், கேளுங்க. நாளை மறுநாள் விசாரணையில எனக்காக ஹிலாரஸ் வழக்காடப்போறார். சாட்சி ஒருத்தரும் கிடைக்கலை. தோத்துட்டா என்னை இங்க வச்சிருக்க மாட்டாங்களாம். ஓஸ்டியா துறைமுகத்துல ஆள் வாங்குறவனுக்கு இப்பவே சொல்லி அனுப்பிட்டாங்க. அதான், உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு."

ஒப்பியா வாயைத் திறந்தாள். 'உன் அம்மாவை எனக்குத் தெரியும்டி' என்று சொல்லத்தான் திறந்தாள். தொண்டையில் எதையோ வைத்து அடைத்தது போலிருந்தது, காற்றுத்தான் வந்தது. மற்றவர்களுக்கு அவள் கட்டிய முடிச்சு பலித்ததோ இல்லையோ, தான் கட்டியது பலிக்கும் என்று முழுசாக நம்பியவள் எங்கள் சந்தியில் அவள் ஒருத்திதான். ஒரு கரண்டி கடலையை அள்ளி மிக்காவின் கையில் வைத்தாள். பெண் தின்றுகொண்டே போய்விட்டது.

அன்று மத்தியானம் சொந்தங்கள் கூடிச் சாப்பிடுகிற நாள். வருஷம் முழுக்க முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகூட அன்றைக்கு ஒரே மேஜையில் உட்கார்ந்தாக வேண்டும். பன்சாவின் வீட்டில் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும். ஒப்பியா வந்தாள், உட்கார்ந்தாள், தின்றாள். பேசவில்லை. பன்சாவின் மனைவி ஹெல்வியா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடு இல்லையே. என்ன மதினி செய்யுது?"

"அட விடு" என்றான் பன்சா. "யாருக்கோ கட்டப்போய் எங்கக்கா தன் நாக்கையே கட்டிக்கிட்டா. இந்த வீட்டுக்கு இப்படி ஒரு நல்ல காலம் வரும்னு நான் நினைக்கவே இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். ஒப்பியா அழுதாள். பன்சாவுக்கு முகம் செத்துப்போயிற்று; அக்கா அழுது அவன் பார்த்தது அவள் புருஷன் செத்தபோது ஒரு தடவைதான். "தெரியாம சொல்லிட்டேன்கா" என்று ரொட்டியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான்.

ஹெல்வியா வீட்டுத் தெய்வங்களுக்கு ஒரு சின்னத் தட்டில் சோறு எடுத்துவைத்தாள். மாடத்தில் வெண்கலத்தில் இரண்டு பையன்கள், குட்டை அங்கியைச் சுழற்றிக்கொண்டு ஆடுகிறவர்கள். எல்லா வீட்டிலும் இருப்பவர்கள்தான், எங்கள் சந்தியைக் காப்பவர்களும் அவர்கள்தான். டாசிட்டாவின் இரட்டைப் பிள்ளைகள். ஒப்பியா வெகு நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கூப்பிட்டு ஒரு தடவைகூடக் கேட்காத பிள்ளைகள் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது.

அடுத்த நாள் கடை போடவில்லை. காலையிலேயே கப்பேனா கோட்டை வாசலைத் தாண்டி ஆல்மோ ஓடைவரை நடந்தாள். டாசிட்டாவுக்கு அப்பன் அந்த ஓடை. பெரிய தண்ணீர் ஒன்றுமில்லை. நாணலும் நாலைந்து ஆடும்தான். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

ஓடிவிடு என்று ஒரு பெண்ணை எச்சரித்தவள் டாசிட்டா. அதைத்தானே அவள் செய்தாள். அதற்கு அவள் நாக்கைப் பிடுங்கினார்கள். துரத்தியவருக்கு மலைமேல் கோயில், வெள்ளை மாடு, தங்க முலாம் பூசிய கூரை. பத்து வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோமே என்று ஒப்பியாவுக்கு வெட்கமாக இருந்தது. டாசிட்டாவின் வாயில் பட்ட காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கேட்டவளுக்கெல்லாம் அதே காயத்தை உண்டாக்கித் தந்திருக்கிறோம், அதற்கு அவளையே துணைக்கும் கூப்பிட்டிருக்கிறோம். அவள் அதற்கு எங்கே வந்திருக்கப்போகிறாள்? அந்த வண்ணாத்திக்குத் தொண்டைப்புண் வந்தது, மார்ச் மாதம் ஊரில் பாதிப்பேருக்கு வருகிறதுதானே. இதை நினைத்தபோது தன்மேலேயே கோபம் வந்தது, கூடவே கொஞ்சம் சிரிப்பும்.

முடிச்சை அவிழ்க்கும் முறை அவளுக்குத் தெரியாது. அப்படி ஒன்று கிடையாது. தண்ணீரைப் பார்த்து வாயைத் திறந்தாள். முதலில் காற்று. மறுபடியும் திறந்தாள்.

"ஸ்காந்தியா."

கரகரத்த குரலில் வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். ஆடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. திரும்புகிற வழியிலேயே ஹிலாரஸின் கடையில் நுழைந்து, "தம்பி, எழுதிக்க, நான் சாட்சி" என்றாள்.

விசாரணை மறுநாள் சந்தையடி மண்டபத்தில் நடந்தது. வழக்கைக் கேட்டவர் வயதானவர். ஜலதோஷம், மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். ஒப்பியா எல்லாவற்றையும் சொன்னாள். கொக்கு வீடு, வெள்ளம் வந்த வருஷம், லனூவியம் ஸ்காந்தியா, ஏழாம் நாள், துணி துவைக்கப்போனது. கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. வாழ்க்கையில் அவள் உப்புப் போடாமல் சொன்னது அது ஒன்றுதான்.

ஃபாடியாவின் வக்கீல் எழுந்தார். "அம்மா, உனக்குச் சந்தியில கடலைக்கடை. சரிதானே?"

"ஆமாங்க."

"போன மாசம், கன்னுக்குட்டி பேசுச்சுன்னு அங்க சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"என்ன பேசுச்சாம்?"

"அது... இந்த வருஷம் கோதுமை விலை ஏறும்னு."

மண்டபமே சிரித்தது. பின்னால் நின்ற எங்கள் சந்திக்காரர்களும் சிரித்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நன்றாக இல்லை. பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்த அம்மா பேச்சை வச்சு ஒரு குடும்பத்தோட சொத்தை எடுக்க முடியுமாப்பா? வேற சாட்சி இருக்கா?" என்று ஹிலாரஸைக் கேட்டார். ஹிலாரஸ் தலையைக் குனிந்துகொண்டான். மிக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, ஒருத்தரும் நம்பவில்லை. இத்தனை வருஷம் வாயைக் காசாக்கியதற்கு இந்தப் பெண் விலை கொடுக்கப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அந்த இடத்தில் ஃபாடியா பேசாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாள். வக்கீல் ஜெயித்த முகத்தோடு உட்காரக்கூடப் போய்விட்டார். ஆனால் மூன்று நாளாக அந்த முடிச்சை நம்பியிருந்த ஃபாடியாவுக்கு, காலையில் ஒப்பியா வாயைத் திறந்ததிலிருந்து ஆத்திரம் பொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏண்டி, ஒரு ஜாடி மது முழுசா வாங்கிக்கிட்டியே, கட்டிட்டேன்னு உன் வாயாலேயே சொன்னியே. இந்த நாக்கைத்தானேடி கட்டச் சொன்னேன்?"

வக்கீல் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். பெரியவர் கைக்குட்டையைக் கீழே வைத்தார்.

"என்னம்மா சொன்னே? எதைக் கட்டச் சொன்னே?"

"நாக்கைங்க. டாசிட்டா சடங்குல."

"இந்த அம்மாவோட நாக்கையா?"

"இவ நாக்குன்னு எனக்கு எங்கய்யா தெரியும்? பிரசவத்துல கூட இருந்தவ இவதான்னு தெரிஞ்சிருந்தா வேற ஆளுகிட்டப் போயிருப்பேனே."

வக்கீல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்று ஃபாடியாவுக்கு விளங்குவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப பிரசவத்துல ஒருத்தி கூட இருந்தா, அவ வந்து சொன்னா இந்தப் பொண்ணு அடிமை இல்லைன்னு ஆயிடும், அது உனக்குத் தெரியும்" என்றார் பெரியவர். "சரி, உக்காரும்மா."

ஒப்பியா கட்டிய முடிச்சு நிற்காது என்பது அந்த நிமிஷத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. அடுத்த பிப்ரவரியிலிருந்து அவள் வாசலுக்கு ஒரு மீன் தலையும் வரப்போவதில்லை. இது அவளுக்கு அங்கே நிற்கும்போதே தெரிந்தது. வருத்தமே இல்லை, நன்றாக மூச்சு விட்டாள்.

அந்தப் பெண் பிறந்ததிலிருந்தே அடிமை இல்லை என்று பெரியவர் தீர்ப்பைச் சொன்னார். எழுத்தர் மெழுகுப் பலகையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் வந்தார்.

"பேர்?"

பழக்கத்தில் "மி" என்று தொடங்கி அவள் நிறுத்தினாள். அப்பன் பெயர் தெரியாத பிள்ளைக்கு அம்மாவின் குடும்பப்பெயர்தான் பெயர். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரை அவள் முதல்முதலாகக் கேட்டதே அன்று காலையில், கடலைக்காரியின் வாயிலிருந்து. அவள் திரும்பி ஒப்பியாவைப் பார்த்தாள். சரியாகத்தான் கேட்டோமா என்ற பயம் முகத்தில் தெரிந்தது. ஒப்பியாவுக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஹிலாரஸ்கூட, சொல்லேன் அத்தை என்பதுபோல அவளைப் பார்த்தான். ஒப்பியா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தாள்.

"ஸ்காந்தியா" என்றாள் அந்தப் பெண்.

எழுத்தருக்குக் காது மந்தம். "சத்தமா சொல்லும்மா" என்றார். அவள் சத்தமாகச் சொன்னாள்.